ரூஃபஸ் அண்ணனின் நீலக் காருக்கு மருமகன் கட்டிய ஷெட்

அன்புத் தங்கை வெல்டாவுக்கு, அண்ணன் ஆர்வில் தன் கையாலேயே எழுதும் கடிதம்.

இங்கே நான், மகள் ஜோலீன், மருமகன் கர்ட்டிஸ் மூவரும் சுகம். என் இடது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நெப்ராஸ்காவில் உன் இடுப்புவலியும் உன் கோழிகளும் எப்படி? ஒன்று குறைந்து மற்றொன்று பெருகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எது குறைய வேண்டும், எது பெருக வேண்டும் என்று கர்த்தருக்குத் தெரியும்.

இதுவரை உனக்கு வந்த கடிதங்களெல்லாம் என் மனைவி எழுதியவை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் தனக்குத் தோன்றியதை எழுதிவிட்டு என் பெயரைப் போட்டுவிடுவாள். பாவம், அவள் போன பிறகு நம் இருவருக்கும் நடுவே போன்தான் மிஞ்சியது. உன் காதுக்கும் போனுக்கும் ஆகவில்லை. அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் நூலகத்தில் பெட்ரா டீச்சரிடம் உட்கார்ந்து நான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். எழுத்துகள் கொஞ்சம் பெரிதாக இருக்கும், வரிகள் மேடேறிப் போகும். பொறுத்துக்கொள். ஒரு பக்கம் எழுதினால் ஒரு குட்டித் தூக்கம் போடுகிறேன்.

உன் கொட்டகையில் நிற்கிற ரூஃபஸ் அண்ணன் கார் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஜோலீனிடம் சொன்னதை அவள் எனக்கு அப்படியே சொன்னாள்: "காரக் கேக்குற அந்த ஒமாஹாக்காரன் அடுத்த ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் வர்றான். ரூஃபஸ் அண்ணன் விட்டுட்டுப் போன கார் சாவிய அவன்கிட்ட குடுக்குறதா, உன் புருஷன்கிட்ட குடுக்குறதான்னு எனக்கு ஒண்ணும் புரியல. உன் அப்பா போய் அந்த ஷெட்டப் பாத்துட்டு எழுதட்டும். அந்த மனுஷன் பொய் சொல்லாது. பொய் சொல்ற அளவுக்கு அதுக்கு சாமர்த்தியம் பத்தாது." இதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். நீ போட்ட ஒரே நிபந்தனையையும் சொன்னாள்: "அண்ணன் தன் கையால மாட்டினதுல ஒரு ஆணியக்கூட கழட்டாதவன்தான் அந்தக் கார ஓட்டணும்." ஒமாஹாக்காரன் பாதியைக் கழற்றிவிட்டுச் சிவப்பு அடிக்கப்போவதாக உன் முகத்துக்கு நேரேயே சொன்னானாமே! நீ அவனை வாசலிலேயே நிற்கவைத்தது சரி. ஆனால் நிபந்தனையைக் கர்ட்டிஸிடம் ஜோலீன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் பரீட்சைத் தாளை முதல் நாளே காட்டியது போலாகிவிடும்.

இனி நான் கண்ணால் கண்டதை எழுதுகிறேன். வெல்டா, ஒரு காருக்கு இப்படியொரு வீட்டை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. நாம் பிறந்து வளர்ந்த வீட்டில்கூட இவ்வளவு ஜன்னல் கிடையாது.

முதலில் கர்ட்டிஸ் கார் இல்லாமலேயே ஒரு காரைச் செய்தான். பகலெல்லாம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன், மாலையில் வந்து, அண்ணன் கார் வந்த வருடத்து மாடல் எத்தனை நீளம், எத்தனை அகலம் என்று புத்தகத்தில் பார்த்து, ஷெட் தரையில் நீல டேப்பால் அதே அளவுக்கு ஒரு கார் வரைந்தான். அதற்குள்ளே சமையலறை நாற்காலிகள் நாலையும் கொண்டுவந்து போட்டான். ஓட்டுநர் நாற்காலியில் நான். கையில் ஸ்டீயரிங்குக்குப் பதிலாக ஆப்பிள் பை சுடுகிற தகரத் தட்டு. பக்கத்தில் ஜோலீன். அவன் ஒரு அட்டையைக் கதவாகப் பிடித்துக்கொண்டு நின்று, "மாமா, மெதுவா பிரேக் போடுங்க. இப்பக் கதவத் தொறந்து எறங்குங்க. சுவத்துல இடிக்குதா?" என்பான். நான் இறங்குவேன். என் முழங்கால் இடிக்கும். "சுவரா, முழங்காலா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வான். ஜோலீன் இறங்கும்போது அட்டைக்கும் அலமாரிக்கும் நடுவே சிக்கிக்கொண்டாள். "நான் குண்டா இருக்கேன்னு சொல்ல வர்றியா?" என்றாள். "இல்ல ஜோலீன், கதவுதான் கொஞ்சம் குண்டு" என்று சொல்லி, மறுநாளே அந்தப் பக்கத்து அலமாரியைப் பெயர்த்துத் தள்ளி வைத்துவிட்டான். இவனுடைய இல்லறம் நீடிக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. நாற்காலிகள் எல்லாம் அங்கேயே இருந்ததால் அந்த வாரம் முழுக்க இரவுச் சாப்பாடும் காருக்குள்தான். ஒருநாள் நான் மட்டும் தனியாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டு நார்பர்ட் வாசலில் வந்து நின்றார்.

"யோவ் ஆர்வில், எது வரைக்கும் போற?"

"நெப்ராஸ்கா."

"பெட்ரோல் இருக்கா?"

"இப்பத்தான் போட்டேன்."

"அப்பச் சரி, வழியில நிக்கல" என்று ஒதுங்கி வழிவிட்டார். நான் மரியாதைக்கு ஹாரன் அடித்தேன்.

அடுத்தது லிஃப்ட். காரை ஆள் உயரத்துக்குத் தூக்கி, கீழே நின்று வேலை பார்க்கிற இரும்புத் தூண்கள். தூக்கினால் காரின் கூரை ஷெட்டின் கூரையில் இடிக்கும் என்று தெரிந்ததும் கர்ட்டிஸ் ஒரு வாரம் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தான். ஷெட்டுக்கு மேலே இருப்பது என் அறை. நான்தான், "என் தரையக் கொஞ்சம் ஒசத்திக்கோயேன் மாப்பிள்ளை, நான் என்ன அங்க டான்ஸா ஆடப்போறேன்?" என்றேன். ஆட்கள் வந்து அளந்து அறுத்து, உத்தரங்களை ஏற்றி, என் அறையின் பாதித் தரையை இடுப்புயரத்துக்கு உயர்த்தி ஒரு மேடை போட்டுவிட்டார்கள். என் கட்டில் இப்போது மேடைமேல் இருக்கிறது. படுக்கப் போகும்போதெல்லாம் யாரோ கை தட்டப்போகிறார்கள் என்று தோன்றுகிறது. கூரை சாய்வாக இருப்பதால் எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். ரூஃபஸ் அண்ணன் காரின் தலை இடிக்கக் கூடாதென்று என் தலை இடிக்கிறது. சின்ன வயதில் அண்ணனுக்காக நான் வாங்கிய குட்டுகளைவிட இது ஒன்றும் பெரிதில்லை.

தரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாம்பல் நிறத்தில் ஏதோ இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி இழுத்தான். காய்ந்ததும் ஏரி மாதிரி ஆகிவிட்டது. விளக்கைப் போட்டால் விளக்கு கீழேயும் எரிகிறது. காய்கிறவரை யாரும் கால் வைக்கக் கூடாது என்று வாசலில் கயிறு கட்டினான். எங்களுக்குப் புரிந்தது. ஆனால் குப்பைத்தொட்டி கிளற வருகிற ரக்கூனுக்குப் புரியவில்லை. காலையில் பார்த்தால் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் சின்னக் குழந்தையின் கை போலச் சுவடுகள். போனது மட்டுமல்ல, நடுவில் நின்று திரும்பிப் பார்த்தும் இருக்கிறது. நான் கர்ட்டிஸ் அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் குனிந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "முதல்ல வந்தது அதுதான் மாமா, இருந்துட்டுப் போகட்டும்" என்றான். நார்பர்ட் அன்று மாலை வந்தவர், நுழைவதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். தேவாலயத்தில்கூட அவர் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

கருவிகள் மாட்டுகிற சுவர் ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றையும் மாட்டி, அதன் உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வரைந்திருக்கிறான். எதை எடுத்தாலும் அதன் நிழல் அங்கேயே நிற்கும். ஒருநாள் ஜோலீன் ஒரு படம் மாட்டுவதற்காகச் சுத்தியலை எடுத்துப் போய் மறந்துவிட்டாள். அவன் வந்து பார்த்தான். வெறும் சுத்தியல் வடிவம். ஆள் காணாமல் போன வீட்டில் நிற்பது போல நின்றான். "யார் எடுத்தா?" என்றுகூடக் கேட்கவில்லை, "எப்பக் கடைசியாப் பாத்தீங்க?" என்றுதான் கேட்டான். ஜோலீன் சுத்தியலைத் திருப்பிக் கொடுத்ததோடு, தன் பை மாவு உருட்டும் கட்டையையும் கொண்டுவந்து, "இதுக்கும் ஒரு கோடு போடு, இது ஒருநாள் உன் தலையில இருக்கப் போவுது" என்றாள். கோடு போட்டிருக்கிறான், வந்தால் பார்.

காற்றடிக்கிற கம்ப்ரஸர் வந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கமாட்டேன். அடுப்பில் ஜோலீனின் பை, இயந்திரத்தில் துணி, நான் மேடைமேல் தூக்கம். அவன் கீழே பொத்தானை அமுக்கினான். புயல் கிளம்பியது போல் ஒரு சத்தம். உடனே வீடு முழுக்க இருட்டு. என் கட்டில் மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. இருட்டிலிருந்து ஜோலீனின் குரல் வந்தது: "கர்ட்டிஸ், இந்தப் பை வேகலேன்னா இன்னிக்கு நீ வேகுவ." அவன் எலெக்ட்ரீஷியனை வரவழைத்து ஷெட்டுக்கென்று தனி லைன் இழுத்துவிட்டான். இப்போது புயல் மட்டும்தான், இருட்டு இல்லை.

பின்சுவரை ஒட்டி, சுவரின் நீளத்துக்கும் ஒரு வேலை மேஜை. அதன் பலகை எது தெரியுமா? மூடிப்போன ஒரு பௌலிங் கூடத்தின் தரை. பந்து உருண்டு உருண்டு தேய்ந்த மேப்பிள் மரம். பந்தை எங்கே விடவேண்டும் என்று காட்டுகிற அம்புக்குறிகள்கூட அதில் இன்னும் பதிந்திருக்கின்றன. சர்ச் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து தூக்கிவந்தார்கள். பாஸ்டர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கவும் செய்தார், திட்டவும் செய்தார். மேஜைக்குக் கீழே வரிசை வரிசையாகச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது. வெல்டா, நான் அங்கேதான் படித்துப் பழகினேன். நூலகத்தில் படிக்கும்போது பக்கத்தில் யாராவது இருப்பார்கள். இங்கே நானும் ஸ்பேனர்களும்தான். குனிந்து விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசிப்பேன். "அரை அங்குல போல்ட்." "நட்டுகள்." "ஃபியூஸ்." ஒன்றில், "எதற்கென்று தெரியாத திருகுகள்." அதற்கடுத்ததில், "எதற்கென்று தெரியாத, ஆனால் முக்கியமான திருகுகள்." நான் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். எழுதியவன் பக்கத்தில் இல்லாமலேயே அவன் சொன்ன வேடிக்கைக்கு நான் சிரிக்கிறேன்! இத்தனை வருஷம் இந்த உலகம் என் காதுபடாமல் என்னென்ன பேசிக்கொண்டிருந்ததோ!

கடைசி இழுப்பறைக்கு வந்தேன். வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். "ஆர்வில்" என்று இருந்தது. திறந்தால் ஒரு புதுப் பென்சில் கட்டு, பென்சில் சீவி, என் பழைய மூக்குக்கண்ணாடி. அவன் என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. நானாக வாசித்து வந்து சேரட்டும் என்று விட்டிருக்கிறான். இந்தக் கடிதம் அந்தப் பென்சிலால் எழுதியதுதான்.

எல்லாவற்றுக்கும் முத்தாய்ப்பாகக் கூரையிலிருந்து ஒரு டென்னிஸ் பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். கார் உள்ளே வரும்போது முன்கண்ணாடியைப் பந்து தொட்டால் நிறுத்தவேண்டும். மூக்கு மேஜையைத் தொடாது, பின்பக்கம் கதவு மூடும், ஒரு சாண் மிச்சம் இருக்கும். புதுத் தரையில் மறுபடி ஒட்டிய டேப் காரை வைத்து அளந்து, என் நெற்றியில் பந்து படும்படி என்னை உட்காரவைத்துக் கயிற்றை முடிச்சுப் போட்டான். இப்போது அங்கே வெளிச்சம் இருக்கிறது, சூடு இருக்கிறது, பந்து ஆடாமல் தொங்குகிறது. கீழே நீலக் கோடுகளுக்குள் கார் மட்டும் இல்லை. மாலையில் பேருந்தை விட்டுவிட்டு வந்ததும் கர்ட்டிஸ் அந்தக் கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் போகிறான்.

ஆகவே வெல்டா, நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். ஒரு குறையும் இல்லை. ஒரு விரற்கடை கூட அவன் கணக்கில் தவறவில்லை. ஒமாஹாக்காரனுக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிடு. சாவியை இவனிடம் கொடு.

உன் முதுகுக்கும் இடுப்புக்கும் ஆண்டவர் பலம் தரட்டும். உன் கோழிகளை நரியிடமிருந்தும், நரியை உன் துப்பாக்கியிடமிருந்தும் அவர் காப்பாராக. ஜோலீனும் கர்ட்டிஸும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். நார்பர்ட்டும் சொல்லச் சொன்னார். உன்னை அவருக்குத் தெரியாது, ஆனாலும் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஆர்வில்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்பாதே.

உறையை ஒட்டுவதற்காக நாக்கை நீட்டிக்கொண்டே தலை நிமிர்ந்தேன். மேஜைக்கு மேலே, நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய படத்தைக் கர்ட்டிஸ் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். ரூஃபஸ் அண்ணனும் நீயும் நானும் காரின் பின்பக்கம் இருக்கிற படம். நீங்கள் இரண்டு பேரும் நிற்கிறீர்கள். நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். நாக்கு அப்படியே நின்றுவிட்டது. நான் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன்?

ஸ்டெப்னி! அண்ணன் டிக்கிக்கு வெளியே, பம்பரை நீட்டி, தன் கையால் மாட்டி, அதே நீலத்தில் மூடி போட்டானே, அந்த ஸ்டெப்னி. என் பின்புறத்தாலும் உன் பாவாடையாலும் அது முழுக்க மறைந்து போயிருக்கிறது. அந்தப் படத்தைத் தினமும் பார்க்கிற கர்ட்டிஸுக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தில் இருப்பது கம்பெனி செய்த கார். அண்ணன் செய்த கார் அதைவிட இரண்டு சாண் நீளம். நானோ அதன்மேலேயே உட்கார்ந்தவன், டேப் காரை அத்தனை நாள் ஓட்டியும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

கூப்பிட்டுக் காட்டினேன். கர்ட்டிஸ் டேப்பை எடுத்துப் பின்பக்கம் இன்னும் இரண்டு சாண் ஒட்டினான். கோடு வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டது. கதவு மூடாது. அவன் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். நார்பர்ட் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? அந்த ஸ்டெப்னியக் கழட்டிச் சுவத்துல மாட்டுய்யா! அஞ்சு நிமிஷ வேல. சுத்தி ஒரு வெள்ளக் கோடும் போட்டுக்கோ!"

வெல்டா, எனக்கு வாயைத் திறந்து நிபந்தனையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அதுவும் அரைகுறையாகத்தான், மேல்வரிசைப் பல்செட் அறையில் இருந்தது.

கர்ட்டிஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அது அவர் மாட்டினது நார்பர்ட்" என்றான். "நான் மாட்டினதக் கழட்டிக்கலாம்." எழுந்து போய்ச் சுவரிலிருந்து திருப்புளியை எடுத்தான்.

அவ்வளவுதான். இழுப்பறைகள் புல்தரையில் வரிசையாக நிற்கின்றன. நேற்றிரவு மழையில் சீட்டுகள் சில போய்விட்டன, இப்போது எல்லாத் திருகுமே எதற்கென்று தெரியாத திருகுதான். நான் அத்தனை பெருமையாக எழுதிய மேஜை இப்போது ஷெட்டில் இல்லை. பௌலிங் பலகையை மறுபடியும் சர்ச் ஆட்கள் வந்து தூக்கிச் சமையலறையில் போட்டார்கள். பாஸ்டர் இந்தமுறை ஜெபிக்கவில்லை. ஜோலீன் அதைச் சுற்றிப் பக்கவாட்டில் நடந்து பார்த்துவிட்டு, "இனிமே நான்தான் கார் மாதிரி அளந்து அளந்து திரும்பணும்" என்றாள். ஆனால் மாலையே அதன்மேல் மாவு தூவிப் பை உருட்டினாள். அம்புக்குறி நேராக அடுப்பைக் காட்டுகிறது. இந்தப் பின்குறிப்பை அதன் மறுமுனையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காகிதத்தில் மாவு இருந்தால் தட்டிவிட்டுப் படி. என் இழுப்பறையை மட்டும் கர்ட்டிஸ் நனையாமல் கொண்டுவந்து என் மேடைமேல் வைத்திருக்கிறான்.

ஆகவே நான் சொல்வதைக் கேள். நான் மேலே வர்ணித்த ஷெட் இப்போது கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், சாவியை அவனிடம் கொடு.

இன்னும் ஒன்று. பந்தை இன்னும் அவிழ்க்கவில்லை; இடம் மாற்றிக் கட்டவேண்டும். கையோடு கொட்டகைக்குப் போய், கோழிகளைக் கொஞ்சம் விரட்டிவிட்டு, காரின் முன்பக்கம் அண்ணன் எதையாவது மாட்டி வைத்திருக்கிறானா என்று பார்த்து எழுது. போனில் வேண்டாம். எழுது. நான் வாசித்துக்கொள்வேன்.